நான் வாங்க மறந்த கண்ணாடி



எங்கள் பங்கு கடலோரத்தில் உள்ளது. இங்கே உப்புக் காற்றுக்கு இரும்பின்மீது அடங்காத பசி. சன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக் கால், நங்கூரச் சங்கிலி என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் மாதத்தின் நடுவில், கல்லறைத் தோட்டத்து இரும்புக் கிராதிக் கதவின் கீழ்க் கீல் அரித்துப்போய், கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் உரசிக்கொண்டு நின்றது. நவம்பர் 2ஆம் நாள் இறந்தோர் நினைவு நாள். அன்று ஊரே மெழுகுதிரியும் மலருமாக அந்தக் கதவு வழியேதான் செல்லும். அதற்குள் அதைச் சீர்செய்துவிட வேண்டும்.

கடைத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். அவர் கதவை ஒரு முறை சுற்றி வந்தார். சுத்தியலால் ஆங்காங்கே தட்டிப் பார்த்தார். “கீல் மட்டும் இல்லை சாமி, அடிச்சட்டமே போயிருக்கு. வெட்டி எடுத்துட்டுப் புது ஆங்கிள் வைக்கணும்” என்று சொல்லி ஒரு தொகையைக் கூறினார். அது எனக்கு மிகுதியாகத் தோன்றியது. “யோசித்துச் சொல்கிறேன் மேஸ்திரி” என்று அனுப்பிவிட்டேன்.

யோசித்தது உண்மை. ஆனால் நான் யோசித்தது கதவைப் பற்றியன்று. அந்தத் தொகையைப் பற்றி. பங்கின் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுபவர் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. மேலும், குருமடத்தில் பயின்ற நாள்களில் வாரத்தில் ஒரு பிற்பகலை உடலுழைப்புக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அங்கே அரம் பிடிக்கவும் இரும்பு அறுக்கவும் கற்றவன் நான். வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் சிலர், சிறிய வெல்டிங் மிஷினை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்வதையும் கண்டிருந்தேன். ‘மேஸ்திரி கேட்கும் கூலிக்கு மிஷினே வந்துவிடுமே! கதவும் ஆகும், கருவியும் பங்குக்கு மிஞ்சும்’ என்று கணக்குப் போட்டேன். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் கணக்கில் சேராத ஒன்று இருந்தது.

நகரத்து இரும்புச் சாமான் கடையில், கடைக்காரர் மேசைமேல் எடுத்து வைத்த மிஷினைக் கண்டு வியந்தேன். நான் சிறுவயதில் பார்த்த வெல்டிங் மிஷின், சக்கரம் பூட்டிய பெரும் பெட்டி. உள்ளே கனத்த செம்புச் சுருள். இருவர் சேர்ந்து இழுத்தால்தான் நகரும். இப்போது நான் கண்டதோ தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத்தக்கது. இதனை இன்வெர்ட்டர் மிஷின் என்கிறார்கள். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றாக மாறி மாறி ஓடுவது. இந்த மிஷின் அதனை முதலில் நேர்மின்சாரமாக்கி, பின்பு நொடிக்குப் பல்லாயிரம் சுற்றாக மாறச் செய்கிறது. அத்துணை விரைவாக மாறும் மின்சாரத்துக்குச் சிறிய சுருளே போதும். எடை குறைந்ததன் இரகசியம் இதுதான்.

200 ஆம்பியர் மிஷின் ஒன்று, வெல்டிங் ராடு ஒரு கட்டு, நான்கு அங்குல கிரைண்டர், கட்டிங் வீல்கள், கசடு தட்டும் சுத்தியல், ஒயர் பிரஷ் ஆகியவற்றை வாங்கினேன். கையில் பிடித்துக்கொள்ளும் கருப்புக் கண்ணாடி ஷீல்டு ஒன்று மிஷினோடு இலவசமாக வந்தது. “இன்னொரு ஷீல்டும் தோல் கையுறையும் வேண்டாமா ஃபாதர்?” என்று கடைப்பையன் கேட்டான். “ஒருவர்தானே வேலை செய்யப்போகிறார்? ஒன்று போதும் தம்பி” என்றேன்.

அந்தச் சொல்லை நான் இன்றளவும் மறக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் வேலை தொடங்கியது. வெளிநாட்டில் ஒரு பட்டறையில் உதவியாளாக இருந்து திரும்பிய இளைஞன் ஒருவன் ராடு பிடித்தான். புதிய ஆங்கிளைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அங்கே நின்றவன் எங்கள் கோயில்பிள்ளையின் பேரன், பதினொரு வயது, பீடச் சிறுவன். “நீ பிடித்துக்கொள் தம்பி. பற்றவைக்கும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்” என்று சொன்னவன் நான்தான். அவன் முதலில் அப்படியே செய்தான். ஆனால் நீல நட்சத்திரம் ஒன்று கைக்கெட்டும் தொலைவில் எரியும்போது, பதினொரு வயதுப் பிள்ளை எத்தனை முறைதான் முகத்தைத் திருப்பிக்கொள்வான்? நானே விரலிடுக்கின் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேனே! மாலையில் செபமாலைக்கு அவன் வழக்கம்போல் வந்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை. கதவும் நிமிர்ந்துவிட்டது. மேஸ்திரியின் கூலி மிச்சமாயிற்று என்ற மனநிறைவோடு படுத்தேன்.

இரவு ஒரு மணிக்குப் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. பையனின் தாய் நின்றாள். “சாமி, பிள்ளை கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குன்னு துடிக்கிறான். கண்ணைத் திறக்கவே முடியலை” என்று அழுதாள். விளக்கைப் போட எழுந்தபோதுதான் என் கண்களும் எரிந்து நீர் வடிவதை உணர்ந்தேன்.

அவர்கள் வீட்டில் அண்டை அயலார் கூடியிருந்தனர். தாய்ப்பால் விடலாம் என்றார் ஒருவர். உருளைக்கிழங்கை அரிந்து வைத்துக் கட்டலாம் என்றார் மற்றொருவர். முன்பு எப்போதோ வாங்கிய சொட்டு மருந்து வீட்டில் இருப்பதாக வேறொருவர் சொன்னார். பையன் பாட்டியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகினான். கோயில்பிள்ளை திண்ணையில் அமர்ந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோயிலுக்கு மணியடித்தவர். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஓர் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு விரைந்தோம். அங்கிருந்த பெண் மருத்துவர், பையனின் கண்ணில் மஞ்சள் சாயச் சொட்டு ஒன்றை விட்டு நீல ஒளியில் பார்த்தார். “வெல்டிங் பார்த்தாயா?” என்றார். பின்பு எங்களுக்கு விளக்கினார்: “வெல்டிங் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. வெயிலில் தோல் கன்றுவதுபோல, அது கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். உடனே தெரியாது, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். அதனால்தான் பகலில் பட்டவர்கள் நள்ளிரவில் ஓடி வருகிறார்கள். பயப்பட வேண்டாம்; இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். கண்ணைக் கசக்கக் கூடாது. நான் எழுதித் தரும் மருந்தைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் சொட்டைச் சோதனைக்காக இங்கே ஒரு முறை விட்டேன். அதை வீட்டுக்குக் கேட்காதீர்கள். வலி தெரியாது, ஆனால் புண் ஆறாது.”

எழுதிக்கொண்டே அவர் கேட்டார்: “சின்னப் பிள்ளையை யார் பிடிக்கச் சொன்னது?”

“நான்தான்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் குனிந்து எழுதினார். ஒப்புரவுத் தொட்டியில் எத்தனையோ பேருடைய அறிக்கையைக் கேட்டவன் நான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை ஆண்டவர் அறிவார்.

இரண்டு நாள் பையன் இருட்டறையில் கிடந்தான். மூன்றாம் நாள் காலையில் வாசலுக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தான் என்று அவன் தாய் ஆள் அனுப்பிச் சொன்னாள். அதே நாள் மாலையில், அழையாமலே மேஸ்திரி வந்தார்.

அவர் முதலில் பையன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். நாங்கள் பற்றவைத்த இடத்தை அவர் சுத்தியலால் ஓர் அடி தட்டினார். பற்று அப்படியே பெயர்ந்து விழுந்தது. “துருவைச் சுரண்டாமலே அடிச்சிருக்காங்க. ஆம்பியரும் பத்தலை. உள்ளே பூராவும் கசடு. எச்சில் தொட்டு ஒட்டின தபால்தலை மாதிரி நிக்குது சாமி. கதவு யார் மேலேயாவது விழுந்திருந்தா?” என்றார். பின்பு, சற்று நேரம் கழித்து, “நான் கேட்ட கூலி கைக்கு மட்டும் இல்லை சாமி. பக்கத்துல நிக்கிறவங்க கண்ணுக்கும் சேர்த்துத்தான்” என்றார்.

என் கணக்கில் சேராதிருந்தது அதுதான்.

“எனக்குக் கற்றுக்கொடுங்கள் மேஸ்திரி” என்று கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு ஒப்பினார். அந்தப் பத்து நாள்களில் அவரிடம் நான் கற்றவற்றையும், பின்பு படித்தும் கேட்டும் தெளிந்தவற்றையும் உங்கள் குடும்பங்களுக்குச் சொல்வது என் கடமை. ஏனெனில் இந்தச் சிறிய மிஷின் இன்று பல வீடுகளுக்குள் வந்துவிட்டது.

முதலாவது, வாங்கும் முறை. கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காப்புப் பொருள்களுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் மிஷினைத் தேடுங்கள். வீட்டு வேலைக்கான வெல்டிங்குக்கு 10 அல்லது 11ஆம் எண் கருப்புக் கண்ணாடி வேண்டும். வெயிலுக்குப் போடும் குளிர்க்கண்ணாடி இதற்குப் பயன்படாது. தலையில் மாட்டிக்கொள்ளும் ஷீல்டு இரு கைகளுக்கும் விடுதலை தரும். ஒளி பட்டவுடன் தானே கருப்பாகும் கண்ணாடியும் இப்போது கிடைக்கிறது. எதுவாயினும், துணைக்கு நிற்பவருக்கும் ஒன்று இருக்க வேண்டும். மற்றவர்கள் மறைப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். எங்கள் மேஸ்திரி ராடை வைக்குமுன் ஒவ்வொரு முறையும் “கண்ணு!” என்று குரல் கொடுப்பார். நாற்பது ஆண்டுப் பழக்கம். கூட யாரும் இல்லாதபோதுகூட அவர் வாய் அதைச் சொல்லிவிடும்.

உடை பருத்தியாக இருக்கட்டும், முழுக்கை இருக்கட்டும். என் வெள்ளை அங்கியை விரலால் தொட்டுப் பார்த்து, “இது பாலியஸ்டர் சாமி. பொறி பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும்” என்றார். கைலியும் ரப்பர் செருப்புமாக வெல்டிங் செய்யும் இளைஞர்களை நாம் எத்தனை பேரைக் காண்கிறோம்! தோல் கையுறையும் மூடிய காலணியும் இன்றி மிஷினைத் தொடலாகாது.

இரண்டாவது, மின்சாரம். மிஷினுக்கு 16 ஆம்பியர் பிளக்கும், தனிக் கம்பியும், நல்ல எர்த்தும் தேவை. மின்விசிறிக்குப் பயன்படுத்தும் மெல்லிய நீட்டுக் கம்பியில் இதை மாட்டினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ராடு இரும்பைத் தொடாமல் இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். உலர்ந்த கையுறைக்கு அது ஒன்றும் செய்யாது. வியர்வையில் நனைந்த உடலையும் ஈரத் தரையில் ஊன்றிய வெறுங்காலையும் அது கொல்லவும் கூடும். வீட்டில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். அது மிஷினுக்கு வரும் மின்சாரத்தைக் காக்குமே அன்றி, ஹோல்டரிலிருந்து தாக்கும் மின்சாரத்தை அறியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மிஷினருகே வரவே கூடாது.

மூன்றாவது, பற்று நிற்கும் வழி. மின்பொறியால் இரும்பை இணைக்கும் முறையை ரஷ்யப் பேரரசில் வாழ்ந்த நிக்கோலாய் பெனார்டோஸ் 1881இல் செய்து காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு ஆஸ்கர் செல்பெர்க், கம்பியின்மேல் பூச்சுப் பூசும் முறையைக் கண்டார். இன்று நாம் வாங்கும் ராடின் மேலுள்ள பூச்சு அந்த வழியில் வந்ததே. அது எரியும்போது எழும் வாயு, உருகிய இரும்பைக் காற்றுத் தீண்டாமல் காக்கிறது. எஞ்சியது கசடாக மேலே படிந்து மூடுகிறது. பொறியின் சூடு ஐயாயிரம் பாகைக்கும் மேல். இரும்பு சுமார் ஆயிரத்து ஐந்நூறு பாகையிலேயே உருகிவிடும். ஆகவே நிதானம் வேண்டும்.

வீட்டுக் கிராதிக்கும் கதவுக்கும் 6013 என்ற எண்ணுள்ள ராடு ஏற்றது. கட்டின்மேல் ஐ.எஸ். 814 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15 மில்லிமீட்டருக்கு 90 முதல் 130. கடலோர ஈரம் ராடின் பூச்சைக் கெடுத்துவிடும். மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். பற்றவைக்கும் இடத்தில் துருவும் வண்ணமும் போய் வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். முதலில் நான்கு மூலையிலும் சிறு சிறு புள்ளியாக டாக் அடித்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பிறகு பக்கம் மாற்றி மாற்றி முழுப் பற்று இட வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் சூட்டில் சட்டம் வளைந்துவிடும். ஒவ்வொரு பற்றுக்குப் பின்னும் கசடைத் தட்டி, ஒயர் பிரஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். தட்டும்போதும் கண்ணுக்கு வெள்ளைக் கண்ணாடி தேவை. மிஷினின்மேல் 200 ஆம்பியருக்கு 60 விழுக்காடு என்று எழுதியிருந்தால், அந்த அளவில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடமே அது உழைக்கும் என்று பொருள். மிஷினுக்கும் ஓய்வு உண்டு.

நான்காவது, கிரைண்டர். மேஸ்திரியின் இடக் கன்னத்தில் ஒரு நீண்ட தழும்பு உண்டு. மிஷினால் வந்ததன்று; கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்த ஒரு நாளில், வீல் உடைந்து பறந்ததால் வந்தது. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்கிறது. வீலின்மேல் எழுதிய வேகம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பல வீல்களின் நடு உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அரிசி மூட்டைக்கு நாள் பார்க்கும் நாம் இதற்கும் பார்க்க வேண்டாமா? பெரிய வீலை மாட்டுவதற்காகக் காப்பைக் கழற்றுவதும், கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்ப்பதும், மரம் அறுக்கும் பல்வட்டை இதில் பூட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

ஐந்தாவது, புகை. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது. எனவே மூடிய அறையில் வேண்டாம். காற்றோட்டமுள்ள வெளியில், காற்றுக்குப் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்தால் எழும் வெண்புகை, அன்றிரவே குளிர்சுரத்தைக் கொண்டுவரும். பூச்சை முதலில் சுரண்டிவிட வேண்டும். படகுக்காரக் குடும்பங்களுக்கு மேலும் ஒன்று: டீசல் இருந்த பீப்பாயையும் தொட்டியையும், கழுவிவிட்டோம் என்று நம்பி ஒருநாளும் வெல்டிங் செய்யாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி குண்டாக வெடிக்கும்.

அந்த நவம்பர் 2ஆம் நாளில் கதவு ஆயத்தமாகவில்லை. அடிச்சட்டத்தை வெட்டிப் புதிதாக வைக்க மேஸ்திரிக்கு நாள் தேவைப்பட்டது. கதவு மதிற்சுவரில் சாய்ந்திருக்க, மக்கள் திறந்த வாயில் வழியே கல்லறைகளுக்குச் சென்றனர். அன்று நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பங்கின் பணத்தைக் காக்க எண்ணி, பங்கின் பிள்ளையைக் காக்கத் தவறினேன் என்று சொன்னேன். திரும்பி வரும்போது கோயில்பிள்ளை வழக்கம்போல் என் கையிலிருந்து தீர்த்தச் செம்பை வாங்கிக்கொண்டார். “பையன் நல்லா இருக்கான் சாமி” என்றார். பத்து நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

அடுத்த வாரம் கதவு ஏறியது. கசடு தட்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் இரண்டு முறை வண்ணம் அடித்தோம். மேஸ்திரிக்கு அவர் முதலில் கேட்ட கூலியையே கொடுத்தேன், பேரம் பேசவில்லை. மிஷின் இப்போது பங்கு மண்டபத்துக் கிடங்கில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதனுடன் மூன்று ஷீல்டுகளும் மூன்று இணைக் கையுறைகளும் இருக்கின்றன. மூன்றும் வெளியே எடுக்கப்பட்ட பிறகுதான் மிஷின் எடுக்கப்படும். சனிக்கிழமைகளில் மேஸ்திரி இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். தொழிலாகச் செய்ய விரும்புவோரை, “ஒரு வருசம் ஐ.டி.ஐ.யில படிச்சிட்டு வாங்க தம்பி” என்று அனுப்பிவைக்கிறார்.

கருவி ஒன்றை வீட்டுக்கு வாங்கி வரும் குடும்பத் தலைவர்களே, வாங்குபவர் ஒருவராயினும் அது வீட்டிலுள்ள அனைவருக்கும் வந்து சேர்கிறது. பிடித்துக்கொள்ளும் மகனுக்கு, தேநீர் கொண்டு வரும் மனைவிக்கு, வேலியருகே நின்று வேடிக்கை பார்க்கும் அண்டை வீட்டுக் குழந்தைக்கு. அவர்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், உங்கள் ஊர் மேஸ்திரியை அழைத்து அவர் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அது வீண் செலவன்று.

பையனுக்கு இப்போது பதினான்கு வயது. சனிக்கிழமைகளில் கிடங்கு வாசலில் வந்து நிற்கிறான். மிஷினைத் தொட அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. ஆனால் இளைஞர்கள் ராடை எடுக்குமுன், மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேஸ்திரியின் குரலிலேயே “கண்ணு!” என்று கூவுகிறான். எல்லாரும் திரும்பிக்கொள்கிறார்கள், நானும்தான்.